ஒரு முழம் பிலிம், ஒரு நொடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்கள் பகுதியில் கிருஷ்ணகிரி அன்பர் ஒருவர், இக்கால இயக்குநர்களுக்கு நிதானம் என்பதே இல்லை என்றும், கண் சிமிட்டுவதற்குள் காட்சி மாறிவிடுகிறது என்றும், வசனம் காதில் விழுவதில்லை என்றும், இவை அனைத்துக்கும் காரணம் இன்றைய பிள்ளைகளின் பொறுமையின்மைதான் என்றும் எழுதியிருந்தார். அவருடைய மனக்குறையில் பாதி எனக்கும் உண்டு; அவர் காட்டிய காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1971-இல் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் உரிமம் பெற்ற ஆபரேட்டராகி, 2012-இல் தருமபுரி நகரத்துத் திரையரங்கு ஒன்றில் பிலிம் புரொஜெக்டரைக் கழற்றி மூலையில் வைத்த நாள் வரை நாற்பத்தொரு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், படம் எடுக்கும் விதம் தலைமுறைக்குத் தலைமுறை ஏன் மாறுகிறது என்பது பற்றி எனக்குப் பட்டதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் தாங்கள் கத்தரித்துக்கொள்ளலாம். கத்தரிப்பது எனக்கும் பழக்கமான வேலைதான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிலிம் காலத்து ஆபரேட்டரிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஆகவே ஒன்றரை அடி, அதாவது ஒரு முழம் பிலிம் ஓடினால் ஒரு நொடி. ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ பதினொரு நிமிடம். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்காகக் காத்திருக்கும் வேளைகளில் நான் பிலிமை அரிக்கேன் வெளிச்சத்தில் பிடித்து, ஒரே கோணத்தில் எடுத்த காட்சி எத்தனை முழம் வருகிறது என்று அளந்து பார்ப்பது வழக்கம். 1950-களின் படங்களில் இருபது முழம், முப்பது முழம் என்று ஒரே காட்சி அசையாமல் நீளும். நான் கடைசியாக ஓட்டிய பிலிம் படங்களின் சண்டைக் காட்சிகளிலோ ஒரு முழத்துக்குள்ளேயே இரண்டு வெட்டுகள் இருந்தன. எனவே காட்சிகள் குறுகிவிட்டன என்று அன்பர் சொல்வதை நான் மறுக்க வழியில்லை. முழம் போட்டு அளந்தவனே நான்தான். ஆனால் அந்த முழம் குறைந்ததற்குப் பொறுமையைவிடப் பருமனான காரணங்கள் இருக்கின்றன.

முதலில் நீளமாக இருந்தது ஏன் என்று பார்ப்போம். எங்கள் மாவட்டத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பிறகு திரை விலகி வெளியே வந்து, தான் இன்னார் என்பதைப் பாட்டிலும் ஆட்டத்திலும் சொல்லி முடிக்கவே அரை மணி நேரமாகும். பார்ப்பவர் நடுவே எழுந்து வீட்டுக்குப் போய்க் களி தின்று, பாலுக்கு அழும் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்பி வருவார். வந்தாலும் கதை கைவிட்டுப் போயிருக்காது. தமிழ்ப் பேசும்படம் பிறந்தபோது அதற்குக் கிடைத்த நடிகர், பாட்டு, கதை, ரசிகர் எல்லாமே இப்படிப்பட்ட கூத்து மேடையிலிருந்தும் நாடகக் கம்பெனிகளிலிருந்தும் வந்தவைதாம். 1931-இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினாராம். அதுவும் அன்றைய ரசிகர்களுக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் அவர்கள் வந்தது பேச்சும் பாட்டும் கேட்க.

ஆனால் மேடைப் பழக்கம் மட்டும் காரணமில்லை, கருவியும் காரணம். அந்தக் காலத்தில் பாட்டும் பேச்சும் படம் பிடிக்கும் இடத்திலேயே பதிவாக வேண்டும். காமிரா ஓடும் சத்தம் மைக்கில் ஏறாதபடி அதைக் கனமான மூடிக்குள் அடைத்து வைப்பார்கள். மைக்கையோ நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது. பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் பார்வையில் படாமல் எங்காவது ஒளிந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பாடிக்கொண்டே நடிக்கிறவர் நின்ற இடத்தில் நின்றால்தான் குரல் ஒழுங்காக விழும். தலை முதல் கால் வரை தெரியும்படி தள்ளி வைத்த காமிரா, முப்பது முழம் நீளும் காட்சி, தியாகராஜ பாகவதரைப் போலப் பாடத் தெரிந்தவரே நாயகன் என்ற நிலை, இவை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் தமிழ் தெரியாமலேயே ‘அம்பிகாபதி’ (1937) போன்ற படங்களை இயக்கியபோது காமிரா சற்றே நடிகருக்குப் பக்கத்தில் வந்தது. அடுத்த ஆண்டு ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் முறை கையாளப்பட்டது. குரல் வேறு, முகம் வேறு என்று பிரித்துக் கொடுக்க முடிந்தவுடன், பாடத் தெரியாதவரும் நாயகனாகலாம் என்று ஆயிற்று. அந்த ஒரு வசதி இல்லாமல் போயிருந்தால் பின்னால் வந்த பெரிய நடிகர்கள் எவருமே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

நீளம் குறைவதற்கு ரசனைதான் காரணம் என்று நினைப்பவர்கள் போர்க் கால வரலாற்றையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்ததால், ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று ஆங்கிலேய அரசு கட்டுப்பாடு விதித்தது. மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவது இதனால்தான். அந்நாள் ரசிகர்கள் திடீரென்று பொறுமை இழந்துவிடவில்லை. பிலிம் கப்பலில் வரவில்லை, அவ்வளவுதான். போர் முடிந்ததும் படங்கள் மறுபடி நீண்டன.

அதன் பிறகு வந்த வசன காலத்தை எங்கள் பக்கத்தவர்கள் கொஞ்சம் உரிமையோடு பேசுவோம். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சேலத்தில், ஏற்காடு சாலையில், டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம் அது. கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950) அங்கேதான் உருவானது. முதல் முழுநீள வண்ணத் தமிழ்ப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவர்கள் எடுத்ததுதான். அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949), பிறகு ‘பராசக்தி’ (1952) என்று வந்த படங்களில் காமிரா மறுபடியும் ஒரே இடத்தில் நின்றது. இம்முறை மைக்கின் தொல்லையால் அன்று. சொல்ல வேண்டிய அரசியல் இருந்தது, அதைச் சொல்லத் தெரிந்த எழுத்தும் இருந்தது, நீதிமன்றக் காட்சியில் நாயகன் பேசும்போது காமிரா அங்கும் இங்கும் அலைந்தால் கேட்பவர் கவனம் சிதறும். படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் அந்த வசனங்களை மனப்பாடமாக ஒப்பிப்பதை நான் சிறுவனாக இருந்தபோது டீக்கடையில் கேட்டிருக்கிறேன். அது அந்தத் தலைமுறையின் தேவை. அடுத்து ஸ்ரீதர் வந்து, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தின் பெரும்பகுதியை ஒரே மருத்துவமனை அரங்கில் வைத்துக்கொண்டு, ஒளிப்பதிவாளர் வின்சென்டின் காமிராவை அசைய விட்டு, முகத்தருகே நிறுத்திப் பேச்சைக் குறைத்துக் காட்டினார். கே. பாலசந்தர் மேடையிலிருந்து வந்தவர். வசனத்தை விடாமல், அதைக் குடும்பத்துக்குள் கொண்டு போனார்.

இனி நான் நேரில் பார்த்த மாற்றத்துக்கு வருகிறேன். ‘16 வயதினிலே’ 1977 செப்டம்பரில் வெளியாகி, எங்கள் டாக்கீஸுக்கு வந்து சேர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை எங்கள் ரசிகர்கள் சினிமாவில் பார்த்த கிராமம், சாணி மெழுகிய சுவடே இல்லாத அட்டைக் குடிசையும், தண்ணீர் தளும்பும் கிணறும், பின்னால் எழுதித் தொங்கவிட்ட மலையும் கொண்டது. மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கொள்ளும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கிராமத்தின் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. சினிமா என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “இது செட்டிங்கு இல்லடா, நெசமான மண்ணு” என்று பேரனிடம் சொன்னது ஆபரேட்டர் அறைக்குக் கேட்டது. அந்த மண் திரைக்கு வந்ததற்கு, படத்தை இயக்கிய பாரதிராஜாவின் மனம் ஒரு காரணம். கன்னடத்து இயக்குநர் புட்டண்ணா கணகாலிடம் அவர் பெற்ற பயிற்சி மற்றொன்று. தோளில் தூக்கிப் போகக்கூடிய ஆரிஃபிளெக்ஸ் காமிரா கைக்குக் கிடைத்தது இன்னொன்று. ஒலியைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்ததால் காமிராவுக்கு மூடி தேவைப்படவில்லை. வாய்க்கால் வரப்பில் எல்லாம் இறங்கி நடந்தது.

மகேந்திரனைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு தலைமுறைகளின் மாற்றம் ஒரே மனிதருக்குள் நடந்ததை நான் அவரிடத்தில்தான் கண்டேன். சிவாஜி கணேசன் நடித்த ‘தங்கப்பதக்கம்’ (1974) படத்துக்குக் கதை வசனம் அவர். ஒவ்வொரு வசனத்துக்கும் கொட்டகை அதிர்ந்தது. விசில் அடங்கும்வரை அடுத்த வசனம் காதில் விழாது. அதே மனிதர் நான்கே ஆண்டுகளில், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவில், ‘முள்ளும் மலரும்’ எடுத்தார். அடுத்த ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’. கைதட்டல் வாங்கும் வித்தை கைவசம் இருந்தும் அதைக் கீழே வைத்துவிட்டார். ‘உதிரிப்பூக்கள்’ எங்களிடம் வந்த முதல் நாள் இரண்டாம் ஆட்டத்தில், யாருமே பேசாமல் முகங்கள் மட்டும் தெரிகிற ஓரிடத்தில், பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, “யோவ் ஆபரேட்டரு, சவுண்டு எங்கய்யா?” என்று கத்தினார். நானும் பதறிப்போய் ஆம்பிளிஃபயரைத் தட்டிப் பார்த்தேன். சவுண்டு சரியாகத்தான் இருந்தது. இளையராஜா இசையைக் கூட நிறுத்திவிட்டு எங்களைச் சும்மா இருக்கச் சொல்லியிருந்தார். நான்காம் நாள் யாரும் கத்தவில்லை. ஒரு புதிய நடையைப் பார்க்கக் கண்ணும் காதும் பழகுவதற்கு எங்கள் ஊரில் மூன்று நாள் ஆனது என்று இதற்குக் கணக்குச் சொல்லலாம்.

அந்தப் பழகும் அவகாசம் இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். அன்று ஒரு படத்துக்குச் சில பிரதிகளே போடுவார்கள். பெரிய நகரங்களில் ஓடி, சிறு நகரங்களுக்கு வந்து, கடைசியாகத் தேய்ந்த பிரதியாகக் கொட்டகைக்கு வரும். படப்பெட்டி பஸ் மேல்கூரையில் வந்து இறங்குவதற்குள் அதைப் பற்றிய பேச்சு ஊருக்குள் முன்பே வந்திருக்கும். இன்று கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், சென்னை, துபாய் எல்லா இடத்திலும் ஒரே வெள்ளிக்கிழமை காலையில் படம் வெளியாகிறது. ஞாயிறு இரவுக்குள் அது பிழைக்குமா சாகுமா என்று முடிவாகிவிடுகிறது. அப்படி இருக்கும்போது இயக்குநர் முதல் பத்து நிமிடத்தில் ஓர் அடி, இடைவேளைக்கு முன் ஓர் அடி, கடைசியில் ஓர் அடி என்று கதையை அடித்துத்தான் பிடிக்க முடியும். மூன்று நாள் காத்திருந்து பழகும்படியான படத்தை எடுக்க எந்த முதலீட்டாளர் அவரை விடுவார்? அவசரம் படம் எடுப்பவரின் இரத்தத்தில் இல்லை, வசூல் கணக்கில் இருக்கிறது.

இப்போது என் கத்தரி விஷயம். 1980-களின் கடைசியில் எங்கள் பக்கத்து ஆண்களில் பலர் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூருக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். சனிக்கிழமை இரவு ஊருக்கு வருவார்கள். அங்கே இந்திப் படமும் ஆங்கிலப் படமும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு எங்கள் படங்களின் இரண்டாவது டூயட் ஆமை நடையாகத் தெரிந்தது. பாட்டு தொடங்கியவுடன் பீடி பற்ற வைக்க வெளியே போவார்கள், பாட்டு முடிந்து உள்ளே வர இடித்துக்கொள்வார்கள். பென்னாகரத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். அந்நாளில் நான் வேலை செய்த இடத்தின் முதலாளி, பெயர் வேண்டாம், “அந்தப் பாட்டை எடுத்துடு” என்பார். நான் எடுத்துவிடுவேன். பிளேடால் வெட்டி, பிலிம் சிமென்ட் போட்டு ஒட்டி, பெட்டி திரும்பிப் போகும்போது மறுபடி சேர்த்துவிடுவேன். ஒரு முறை சேர்க்க மறந்து வசவு வாங்கினேன். இசையமைப்பாளரும் நடன இயக்குநரும் பல நாள் உழைத்ததை நான் பத்து நிமிடத்தில் சுருட்டிப் பெட்டியில் போட்டது பெரிய பாவம்தான். ஆனால் ஊருக்கு ஊர் ஆபரேட்டர்கள் அதைச் செய்த பிறகுதான், படம் எடுப்பவர்களே பாட்டைக் குறைக்கத் தொடங்கினார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 2019-இல் பாட்டே இல்லாமல், நாயகியும் இல்லாமல், ஒரே இரவில் நடக்கும் கதையாக ‘கைதி’ வந்து வெற்றி பெற்றபோது, எனக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை. ரசிகர்கள் கால்களால் எப்போதோ சொன்னதை இயக்குநர் காதில் வாங்கியிருந்தார்.

அதே காலத்தில் கொட்டகையின் மற்றொரு பாதி காலியானது. தமிழகத்தில் 1975-இல் தொலைக்காட்சி வந்தது. எங்கள் ஊர்க் கூரைகளில் ஆன்டெனா முளைக்கக் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஓடும் வெள்ளிக்கிழமைகளில் முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவதை டிக்கெட் கட்டுகளே சொல்லின. 1993-க்குப் பிறகு தனியார் தொலைக்காட்சியும் அதன் பின்னே நெடுந்தொடர்களும் வந்ததும், பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகள் அநேகமாக வெறிச்சோடின. மாமியார் கொடுமை, பிரிந்த அண்ணன் தங்கை, தாலி என்று மூன்று மணி நேரம் அழ வைக்கும் படங்களுக்கு அவர்களே உயிர். அந்தக் கதைகள் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டன. சினிமாவுக்கு எஞ்சியவர்கள் இருபது வயதுப் பையன்கள். இன்றைய படங்களில் ஏன் இத்தனை அரிவாளும் துப்பாக்கியும் என்று அன்பர் கேட்டிருந்தார். அதற்கான விடையில் ஒரு பங்கு டிக்கெட் கவுன்டரில் நின்றவர்களின் வயதிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

எடுப்பவர்கள் தரப்பிலும் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே வந்தது. முன்பு இயக்குநராக ஒருவரிடம் ஏழெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்து, கிளாப் அடித்து, வசனத் தாள் பிடித்துக் கற்க வேண்டும். பாரதிராஜாவிடம் பாக்கியராஜ், அவரிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும். பாலு மகேந்திராவிடம் பாலாவும் வெற்றிமாறனும். பாலாவிடம் அமீரும் சசிகுமாரும் என்று கிளை பிரியும். அப்படிக் கற்றவரிடம் குருவின் வாசனை கொஞ்சமாவது இருக்கும், குருவிடம் பிடிக்காததைத் தான் செய்யமாட்டேன் என்ற பிடிவாதமும் இருக்கும். தலைமுறை மாற்றத்தின் இயந்திரமே அந்தப் பிடிவாதம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம் திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர்கள். பூனாவில் படித்த பாலு மகேந்திராவும் சென்னையில் படித்த பி. சி. ஸ்ரீராமும் இருட்டை இருட்டாகவே விட்டு வைக்கலாம் என்று காட்டியவர்கள். ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ படங்களை ஓட்டியபோது, புரொஜெக்டருக்கு ஒளி தரும் கார்பன் குச்சியின் வெளிச்சம் போதவில்லை என்று ரசிகர்கள் எங்களைத்தான் திட்டினார்கள். குறைந்த வெளிச்சத்திலும் பதிவாகும் புதிய நெகட்டிவ் வந்திருந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

1990-களின் நடுவில் எடிட்டிங் கம்ப்யூட்டருக்குப் போனது. பிலிமை வெட்டி ஒட்டிய காலத்தில் ஒரு வெட்டைச் செய்துவிட்டு மனம் மாறினால், அந்தத் துண்டைத் தேடி எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். ஆகவே எடிட்டர் யோசித்து வெட்டினார். கம்ப்யூட்டரில் ஆயிரம் முறை வெட்டலாம், ஆயிரம் முறை பழையபடி ஆக்கலாம். என் முழக்கணக்கு இந்த இடத்தில்தான் மளமளவென்று குறைந்தது. அதன் பிறகு டிஜிட்டல் காமிரா. நெகட்டிவ் விலை உயர்ந்த பொருளாக இருந்தவரை, “பிலிம் ஓடுகிறது” என்ற பயத்திலேயே நடிகர் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார். இன்று காமிராவை ஓடவிட்டுவிட்டு, நடிகரையே தோன்றியபடி பேசச் சொல்லலாம், இரண்டு மூன்று காமிராக்களை ஒரே நேரத்தில் வைக்கலாம். 2012 ஜனவரியில் பிலிம் செய்யும் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு ஃபியூஜி நிறுவனம் சினிமா பிலிம் செய்வதையே விட்டது. அந்த 2012-இல்தான் குறும்படங்கள் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜ் ‘பீட்சா’ எடுத்தார், பா. இரஞ்சித் ‘அட்டகத்தி’ எடுத்தார். என் புரொஜெக்டர் மூலைக்குப் போனதும் அதே ஆண்டில்தான். வருத்தமாக இருந்தாலும், செலவு குறைந்ததால் காமிராவைத் தொட வாய்ப்பே இல்லாத தெருக்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன். ‘பரியேறும் பெருமாள்’ (2018) போன்ற படத்தில் ஒரு நாயும் ஒரு தண்டவாளமும் காட்டப்படும் விதம், அந்த வாழ்க்கையை அறிந்தவர் காமிராவுக்குப் பின்னால் நிற்பதால் வருவது. யார் எடுக்கிறார்கள் என்பது மாறினால் எப்படி எடுக்கிறார்கள் என்பதும் மாறத்தான் செய்யும்.

இவ்வளவு சொன்னதால் இக்காலப் படங்களில் எனக்குக் குறையே தெரியவில்லை என்று அன்பர் எண்ண வேண்டாம். ஒகேனக்கலில் முன்பு படப்பிடிப்பு என்றால், அருவியை மேலிருந்து காட்ட இயக்குநர் பாறை பாறையாக ஏறி இடம் தேடுவார். பரிசலில் காமிராவை ஏற்றிவிட்டு, பரிசல் ஓட்டியிடம் கெஞ்சுவார்கள். இன்று ட்ரோன் இருக்கிறது. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் காய்கறி வாங்கப் போனாலும் பருந்துப் பார்வையில் காட்டுகிறார்கள். பத்துப் படங்களில் பார்த்த பின் பருந்துக்கே சலிப்புத் தட்டும். வசனம் கேட்பதில்லை என்ற குறையும் நியாயமானதே. ஒலியைப் பல தடங்களில் பிரித்து, நன்றாகப் பராமரித்த பெரிய அரங்குக்கென்று கலக்கிவிட்டு, ஸ்பீக்கர் பாதி பழுதான சிறு ஊர் அரங்கில் ஓட்டினால், பின்னணி இசை மட்டும் மார்பில் இடிக்கும், பேச்சு எங்கோ போய்விடும். முன்பு மைக் நடிகரைக் கட்டிப்போட்டது. இப்போது ஸ்பீக்கர் அவர் வாயை மூடுகிறது. இது நடையின் கோளாறா, எங்கள் அரங்குகளின் கோளாறா என்று பிரித்துப் பார்த்துத்தான் திட்ட வேண்டும். இன்னொரு வருத்தம், எங்கள் மாவட்டங்களின் பேச்சு, கன்னடமும் தெலுங்கும் கலந்த ஓசூர்ப் பக்கத்துத் தமிழ் உட்பட, இத்தனை தலைமுறை மாறியும் மதுரைத் தமிழைப் போலத் திரையில் ஓர் இடத்தைப் பிடிக்கவில்லை.

என் பேரன் அரூரில் கல்லூரி மாணவன். சென்ற ஆடியில் பாரதக் கூத்துக்கு வந்தவன், துரியோதனன் வேஷம் கட்டியவரைச் செல்போனில் படம் பிடித்தான். வேஷக்காரர் திரைக்குப் பின் நின்று பாடத் தொடங்கியதிலிருந்து வெளியே வந்து ஆடி முடிக்கும் வரை போனை ஒரு செங்கல் மேல் நிறுத்திவிட்டு, ஒரே காட்சியாக, வெட்டாமல் எடுத்திருந்தான். ஏனடா ஒரு இடத்திலும் வெட்டவில்லை என்று கேட்டேன். “வெட்டினா அவரு பாட்டு அறுந்துடும் தாத்தா” என்றான். பதினான்கு நிமிடம் ஓடியது. எண்ணூற்று நாற்பது முழம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பொறுமை இல்லாத பிள்ளைகள் என்று அன்பர் எழுதியதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் செங்கல்தான்.

தங்கள் நாளிதழின் சினிமாப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நடிகர்களின் செய்தியோடு, ஒளிப்பதிவாளர், எடிட்டர், ஒலிப்பதிவாளர் ஆகியோர் செய்த வேலையைப் பற்றியும் வாரம் ஒரு பத்தியாவது வெளியிடுங்கள். மாற்றத்தின் காரணம் தெரியாததால்தான் பழியெல்லாம் இளைஞர்கள் தலையில் விழுகிறது. என்னிடம் வெட்டி வைத்த பழைய பிலிம் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன, கார்பன் குச்சிகளும் நான்கைந்து உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளி ஆசிரியர்கள் எவரேனும் மாணவர்களுக்குக் காட்ட விரும்பித் தங்கள் அலுவலகம் வாயிலாகத் தெரிவித்தால், பஸ் வசதி உள்ள ஊராக இருந்தால் நானே எடுத்து வந்து, ஒரு முழம் அளந்தும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்கு ஆபரேட்டர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.